தண்ணீர் நிற்காத தரை

மட்டாஞ்சேரி
மேட மாதம் 20, சனிக்கிழமை

அன்பு மகள் மகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், பூனை, ஒச்சம்மாள் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்டால் போனில் சொல்லும் அதே "நல்லாருக்கேம்பா"வைத்தான் திருப்பி அனுப்புவாய் என்பதால் கேட்கவில்லை. அந்த ஊர் வெயில் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கட்டும்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஜூ டவுன் மசாலாக்கடை வெங்கிடேஷ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் பெட்டியில் ஒரு மூலை கேட்டு வாங்கி, நார்த்தங்காய் ஊறுகாயையும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் ஒச்சம்மாள் போட்டது, நம்பிச் சாப்பிடலாம். கடிதம் நான் எழுதியது.

போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பாய். சொல்லத்தான் பதினோரு மாதமாகப் பார்க்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாய். நான் சொல்ல வேண்டியதை வாய்க்குள் எடுத்து வைப்பேன். அதற்குள் என் வாய் கோமாளி வேஷம் கட்டிக்கொண்டு, பூனை பக்கத்து வீட்டு மத்தியைத் திருடிய கதையைச் சொல்லிவிடும். நீ அரை சிரிப்புச் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். போன் என் முகத்துக்கு ஒத்துவரவில்லை. காகிதத்தில் கோமாளித்தனம் செய்தாலும் அடித்துவிட்டு எழுதலாம். மேலே இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய்.

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். உன்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தவனே நான்தானே. அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நானும் எட்டாவது பாதியில் ஓடி வந்தவன், எனக்கும் இதுதான் வசதி. மெதுவாகப் படி.

விஷயம் அந்த மயானத்துத் தரை. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதி, எனக்குத் தெரிந்தது பாதி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற துணிச்சல் இப்போதுதான் வந்திருக்கிறது.

உன் அனந்தநாராயணன் சார் பெயரைச் சொன்னாலே படித்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். வெளிநாட்டில் அவர் கட்டிய கட்டடங்களை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறார்களாம். அப்பேர்ப்பட்டவர் நம்மூர்ப் பொது மயானத்தில் நினைவிடம் கட்டுகிறார் என்றதும், கோபுரம் மாதிரி என்னவோ வரப்போகிறது என்று நினைத்தேன். கான்ட்ராக்டர் சங்கரலிங்கம் வரைபடத்தைக் காட்டினார். மூன்று பக்கம் சுவர். மேலே கூரை கிடையாது. கீழே கறுப்பு சிமென்ட் தரை. அவ்வளவுதான். நம்ம வீட்டுக் குளிமுறிக்கே கூரை இருக்கே, இதற்கா இவ்வளவு பெரிய ஆள் என்று ஒச்சம்மாளிடம் சொன்னேன். அவள், பெரிய ஆளுங்க கம்மியாத்தான் செய்வாக, நம்மளை மாதிரி ஆளுங்கதான் ஒண்ணுக்கு ரெண்டா செஞ்சு கெடுக்கிறது என்றாள். இருபது வருஷமாக எனக்குக் கலவை குழைத்துக் கொடுக்கிறவள், அன்றே என் ஜாதகத்தைச் சொல்லிவிட்டாள்.

அந்த நோய் வந்த இரண்டு வருஷத்தில், வீட்டார் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்காமல் போனவர்களுக்காகத்தான் அந்த நினைவிடம். உன் அம்மா அமுதவள்ளியும் அந்த மண்ணில்தான் இருக்கிறாள். நம் இருவருக்கும் காய்ச்சல், சந்து முனையில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அவள் ஆம்புலன்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கிவிடப் போகிறது என்றாள். நான் பாலை இறக்க உள்ளே ஓடினேன். வெளியே வந்தபோது வண்டி போய்விட்டது. அப்புறம் அவளைப் பற்றி வந்தது ஒரு போன் மட்டும்தான். இதை நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பால் பொங்கவில்லை மகா. அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே நான் வேலைக்குப் போன முதல் நாள், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கையில் வரைபடச் சுருளோடு நீ வந்து நின்றாய். நீ சார் ஆபீசில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சைட் உன் பொறுப்பு என்றார்கள். எனக்கு நெஞ்சு எப்படி இருந்தது என்று எழுதினால் அடிக்க வேண்டிவரும். உன்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஏட்டி, நான் உன் அப்பன் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், மேஸ்திரி மகள் அப்பனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தாள் என்று பேசுவார்கள் என்றேன். உனக்குப் பிடிக்கவில்லை. என்ன இதில் வெட்கம் என்று கேட்டாய். நான்தான் பிடிவாதமாக நின்றேன். அன்றிலிருந்து நீ எனக்கு மேடம், நான் உனக்கு மேஸ்திரி. வீட்டில் நான் வைத்த குழம்பைக் குறை சொல்லிவிட்டு வந்து, சைட்டில் குட்மார்னிங் சொல்வாய். ஒச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொள்வாள். நல்ல நாட்கள் அவை. என் ஆயுசிலேயே காலையில் வேலைக்குப் போக அவசரப்பட்ட நாட்கள் அவைதான்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாத பாதி.

முப்பத்தாறு வருஷமாகத் தரை போடுகிறேன். தரை என்றால் வாட்டம் கொடுக்க வேண்டும். விழுந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து வெளியே போய்விட வேண்டும். இசக்கிதுரை போட்ட தரையில் தண்ணீர் நின்றது என்று கொச்சியில் ஒருத்தன் சொன்னது கிடையாது. பெருமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறொன்றும் கிடையாது. அந்த வரைபடத்திலோ நாலு மூலைக்கும் ஒரே மட்டம். சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்கு வரம்பு வேறு. தண்ணீர் போக வழியே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மனிதர் ஏசி அறையில் உட்கார்ந்து மழையை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கொச்சியில் ஒரு சிரட்டையில் தண்ணீர் நின்றாலே கொசு குடித்தனம் வந்துவிடும். வருகிறவர்கள் எல்லாம் துக்கப்பட்டவர்கள், வயசானவர்கள். ஒருத்தர் வழுக்கி விழுந்தால் சைட் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். உன்னைக் கேட்பார்கள். உன்னிடம் சொன்னால் நீ சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அது உனக்குச் சங்கடம். இப்படியெல்லாம் நானே யோசித்து, நானே முடிவு செய்து, உனக்குத் தெரியாமல் உனக்கு உதவி செய்துவிட்டேன்.

இருபத்துநாலு அடித் தரைக்கு முக்கால் இஞ்சு வாட்டம். பின்சுவர் அடியில், வெளியே தெரியாதபடி, விரல் நுழைகிற அளவுக்கு நாலு ஓட்டை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் ஒச்சம்மாளுக்கும் மட்டும் தெரியும்.

மட்டம் பார்க்கிற அன்று நீ டியூப்பின் ஒரு முனையைப் பிடிக்க வந்தாய், நினைவிருக்கிறதா? அந்தத் தண்ணீர்க் குழாயை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்தால்தான் மட்டம் தெரியும். நீ பிடித்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். நான் அவசரமாக, "வெயில்ல நிக்காதீங்க மேடம், நெழல்ல போய் நில்லுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன். சுற்றி ஆட்கள் இருந்ததால் நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாய். ஒச்சம்மாள் ஒரு முனை, நான் ஒரு முனை. மட்டம் பார்த்தாச்சா மேஸ்திரி என்று அங்கிருந்தே கேட்டாய். பார்த்தாச்சு என்றேன். பொய் இல்லை. முக்கால் இஞ்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். நீ காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். வேறு எந்த மேஸ்திரியாக இருந்தாலும் நீ நேரில் வந்து பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

திறப்பு விழா நல்ல வெயிலில் நடந்ததால் தப்பித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நீதான் என் பக்கத்தில் வந்து மெதுவாக, மழை வந்ததும் வாங்கப்பா, ஒண்ணு காட்டணும் என்றாய். சைட்டில் நீ என்னை அப்பா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். என்ன காட்டப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

மழையும் வந்தது. சார் வந்தார், படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள், வீட்டாரை இழந்தவர்கள் ஐம்பது அறுபது பேர் குடை பிடித்துக்கொண்டு வரம்பைச் சுற்றி நின்றார்கள். நானும் போய் நின்றேன். எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை விழுந்தது, ஓடியது, நாலு ஓட்டை வழியாகப் போய்விட்டது. மழை நின்ற கொஞ்ச நேரத்தில் தரை துடைத்து விட்டது மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குள் வந்தது பெருமை. ஒரு சொட்டு நிற்கவில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய், பின்சுவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ஒரு தடவைதான் பார்த்தாய்.

சார் குரலை உயர்த்தாமல், இந்த வாட்டம் யார் கொடுத்தது என்று கேட்டார். நீ, "ஞான்தான் சார். லெவல் நான்தான் தப்பாக் குடுத்தேன்" என்றாய். பதற்றத்தில் உனக்குப் பாதி மலையாளமாக வந்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் மகா. வாயைத் திறக்கவில்லை. மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் நின்றிருக்கிறேன், ஒச்சம்மாள்தான் வந்து மடக்கினாள். மகள் என்று சொன்னால் உனக்கு இன்னும் கெட்ட பெயர் வரும், அதனால்தான் சும்மா இருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. அத்தனை பேர் முன்னால் தரை போடத் தெரியாதவன் என்று பெயர் வாங்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். நீ அந்த வாரமே வேலையை விட்டாய். ஆவணி பிறப்பதற்குள் மஸ்கட் போய்விட்டாய். அந்த ஆபீசில் வேலை கிடைத்த அன்று தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்த பிள்ளை, அங்கே அடுக்களை அலமாரிக்கு அளவு வரைந்துகொண்டிருக்கிறாய். ஏர்போர்ட்டில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒட்டகம் பார்த்தால் கேட்டதாகச் சொல் என்றேன்.

(ஞாயிறு காலை தொடர்கிறேன். நேற்று இதற்கு மேல் ஓடவில்லை.)

நீ போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். மீன மாதத்தில் ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. காவல்காரர் வறீது சேட்டனும் நானும் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றோம். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் வந்திருந்தாள். கையில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு, நினைவிடம் திறந்தபோது வந்தது. வரம்பு ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து, மழை விட்டதும் தரையைக் குனிந்து பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வறீது சேட்டன் அவளைக் கவனிக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷம் கொடுக்கிறோம் என்று நினைத்து, "எத்ர மழ பெய்தாலும் ஒரு துள்ளி நிக்கில்ல கேட்டோ. மேஸ்திரி மிடுக்கனா" என்று முதுகில் தட்டினார்.

ஒரு சொட்டு நிற்கவில்லை, கெட்டிக்கார மேஸ்திரி என்று என் வாழ்நாளில் இப்படி ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை. மறுநாளே சார் ஆபீஸ் இருக்கிற காக்கநாட்டுக்குப் போனேன்.

போட்டில் எறணாகுளம், அங்கிருந்து பஸ். நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன், காவலாளி போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதுவரை அவர்கள் தரையில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் விட்டதும், இருக்கச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் பூனைக் கதைக்குப் போய்விடுவேனோ என்று பயம்.

"அந்த வாட்டம் நான் குடுத்தது சார். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தெரியும். இத்தனை நன்னா வாட்டம் குடுக்க என் ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அவ யாரையோ காப்பாத்தறான்னு அன்னிக்கே தோணித்து. யாரைன்னுதான் தெரியல்லை."

"என்னைத்தான் சார். நான் அவ அப்பன்."

பெல் அடித்து இரண்டு சாயா சொன்னார். வரைபடத்தை எடுத்து விரித்தார். மூலையில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். விளக்கு வைக்கிற இடம் என்று நினைத்து அங்கே ஒரு பித்தளைத் தகட்டைப் பதித்து கீழே கெட்டியாக சிமென்ட் போட்டேன் என்றேன். அது மூடியாம். மூன்று நாளைக்கு ஒருமுறை காவல்காரர் அதைத் திறந்து தண்ணீரை விட்டுவிட வேண்டுமாம், கொசு வராதாம். பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. என் கவலையெல்லாம் எனக்கு முன்பே ஒருவர் பட்டு முடித்திருக்கிறார். ட்ராயிங் தப்பென்று தோன்றினால் என்னிடம் கேட்டிருக்கலாம், என்னை விடுங்கள், அவளிடமாவது கேட்டிருக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் சொன்னார், "தண்ணி யோசனை என்னோடது இல்லை, தெரியுமோ? உங்க பொண்ணு சொன்னது."

மகா, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ நாலாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் கிரகணம் வந்ததும், அம்மா முற்றத்தில் தாம்பாளம் வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றி உனக்குச் சூரியனைக் காட்டியதும், நான் யாரோ ஒரு பெரிய மனிதரின் அறையில் உட்கார்ந்துதான் கேட்டேன். அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சார் நீ சொன்னபடியே சொன்னார். முற்றத்தில் வாட்டம் இருந்ததால் தாம்பாளம் சரிந்து தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்விட்டதாம். "கொத்தனார் வீட்டு முத்தம், ஒரு தட்டு மட்டமா ஒக்காரல பாரு" என்று அம்மா சிரித்துக்கொண்டே சிரட்டைச் சில்லை அடியில் முட்டுக் கொடுத்தாளாம். தண்ணீர் அசையாமல் நின்றதும் உன்னைக் குனியச் சொன்னாளாம். உள்ளே கடித்த பூவன்பழம் மாதிரி சூரியன். அதற்கு இந்தப் பக்கம் உன் முகம். உன் தோளுக்கு மேலே அவள் முகம். அந்த மயானத்தில் பெயர் எழுத வேண்டாம் சார், தண்ணீர் அசையாமல் நின்றால் போதும், குனிகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய முகத்தை அதில் பார்த்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னாயாம்.

அன்று மழையில் எனக்குக் காட்டுகிறேன் என்றது அதைத்தானே?

நான் சாயாவைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வருவதற்கு முன் இரண்டு கேட்டேன். ஒன்று, உன் வேலை. அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாயிற்று என்றார், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். இன்னொன்று, அந்தத் தரையை உடைத்து நானே மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, செய்யுங்கள், ஆனால் மட்டம் பார்க்க என்னைக் கூப்பிடாதீர்கள் என்றார். யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கே தெரிந்தது.

விஷு கழிந்து ஆரம்பித்தோம். நானும் ஒச்சம்மாளும் மட்டும். உடைப்பது சுலபமாக இருந்தது. போடுவதுதான் முடியவில்லை. நம்ப மாட்டாய், கை தானாகச் சரிக்கிறது. ஒரு பட்டை போட்டு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு நூல், கால் இஞ்சு, இறங்கியிருக்கிறது. வழித்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரு நூல். மூன்றாம் தடவை போடும்போது வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கரண்டியை இழுத்தேன். ஒச்சம்மாள் அடுத்த பிறவியில் நீங்க அணைக்கட்டுக் கட்டப் போங்க என்றாள். முதல் தடவை கறுப்புச் சாயத்தில் பாதி என் வேட்டிக்குப் போய்விட்டது. நாலு ஓட்டையையும் அடைத்துவிட்டேன். மூலையில் மூடி திறந்து மூடுகிறது, வறீது சேட்டன் பத்துத் தடவை திறந்து மூடிப் பழகிவிட்டார். புதன்கிழமை முடிந்தது. சாக்கு நனைத்துப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

முழுத் தரைக்கும் டியூப் பிடித்து இன்னும் மட்டம் பார்க்கவில்லை. வியாழக்கிழமை டியூப்பை எடுத்துக்கொண்டு ஒச்சம்மாளைக் கூப்பிட்டேன். அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "என்னியப் பிடிக்கச் சொல்லாதீக மேஸ்திரி. போன தடவ பிடிச்சுக்கிட்டு வாய மூடி நின்னேன்ல, அது போதும். பிடிக்க வேண்டிய ஆள வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாமே என்று வறீது சேட்டன் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. அதில் முதலில் நிற்கிற தண்ணீரை நான் தனியாகப் பார்க்கக் கூடாது.

மே இருபத்தாறாம் தேதி வந்தால் அம்மா போய் நாலு வருஷம். அதற்கடுத்த வாரம் இடவப்பாதி மழை தொடங்கிவிடும். உனக்கு லீவு கிடைக்குமா, அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காக வர வேண்டாம். பேசக்கூட வேண்டாம். இரண்டு நாள் வந்து அந்தக் குழாயின் ஒரு முனையைப் பிடித்தால் போதும். நான் மறுமுனையில் நிற்பேன். மட்டம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால் நம்பிவிடாதே. நடந்து வந்து என் முனையையும் நீயே பார். தப்பாக இருந்தால் சொல், மழைக்கு முன் இன்னொரு தடவை உடைக்க என் முழங்காலில் தெம்பு இருக்கிறது.

வெயில் கடுமையாகத்தான் இருக்கும். இந்தத் தடவை உன்னை நிழலில் போய் நிற்கச் சொல்ல மாட்டேன்.

இசக்கியம்மன் உன் கூடவே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் தாம்பாளம் பரணில்தான் இருந்தது, புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

எல்லோர் முன்னாலும் அன்று சொல்லாததை இங்கே கையெழுத்தாகப் போடுகிறேன்.

இப்படிக்கு,
மகாவின் அப்பன்
இசக்கிதுரை